அதிகார வரம்புக்கு வெளியே மூன்று மாடுகள்

என் அத்தை வளர்த்த மூன்று பசுமாடுகளும் தோட்டத்தை விட்டுப் போனதற்கு நான்தான் காரணம். எங்கள் சொந்தத்தில் சிலர் இன்னமும் அதற்கு அரசாங்கத்தைத்தான் திட்டுகிறார்கள். அவர்கள் திட்ட ஆரம்பித்தால் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். (இத்தனை வருடத்தில் எவ்வளவு தண்ணீர் குடித்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.)

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் குமாஸ்தா. ரோடு வேலைக்கு மண்வெட்டி கேட்டு வருகிறவரிடம் பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மண்வெட்டி கொடுப்பேன். அவ்வளவுதான் என் உத்தியோகம். ஆனால் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து எடுக்கிறவர்களுக்குப் பிறந்து, அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட பிள்ளை நான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போனால் ஆளுக்கொரு பக்கம் பாய் விரிப்பார்கள். அந்தப் பாயில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் எனக்குத் தலைக்கனம் வந்தது.

பதவி உயர்வுக்கு ஒரு பரீட்சை எழுத வேண்டியிருந்தது. அதில் ஒரு தாள் பொதுச் சட்டம். அரசாங்கத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது, குடிமகனை எது வரைக்கும் கட்டுப்படுத்தலாம், எங்கே அது நின்றுகொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடையில் செங்கல் கனத்தில் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். முதல் நான்கு அத்தியாயங்களை வெறியோடு படித்தேன். இயற்கை நீதி, அதிகார வரம்பு என்ற சொற்களைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஐந்தாவது அத்தியாயம் லைசென்ஸ், பெர்மிட் பற்றியது. சுவாரசியமாக இல்லாததால் தள்ளிவிட்டேன்.

அதற்குப் பிறகு என்னோடு யாராலும் சாதாரணமாகப் பேச முடியவில்லை. ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர், "உள்ள தள்ளி நில்லுலா" என்றார். "எந்தச் சட்டத்தின் கீழ்?" என்று கேட்டேன். அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்கலாம்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை, பேர் பேச்சியம்மா. காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மத்தியானம் வரைக்கும் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு, வந்ததும் மாட்டைக் கவனிப்பார். செவலை, கருப்பி, மல்லிகா என்று மூன்று மாடுகள். லயத்துக்குப் பின்னால், ஓடைக்கரையில் தகரக் கொட்டகை. அந்தக் குளிரில் மாட்டுக்குச் சாக்குத் துணி போர்த்திவிட்டுத்தான் தனக்குக் கம்பளி தேடுவார். தோட்டத்துப் பாதிக் குழந்தைகள் அந்தப் பாலில் வளர்ந்தவர்கள். மாமாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நாளுக்கு நாலு வார்த்தை பேசுவார், அதில் மூன்று மாட்டோடு.

அவர்களுடைய ஒரே மகள் பாக்கியம், தோட்டத்து டிஸ்பென்சரியில் உதவியாளாக இருந்தாள். எனக்கு முறைப்பெண். நான் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன், அவள் மலாய் வழியில் ஐந்தாம் பாரம் முடித்தவள். அவள் முன்னால் நான் எதைச் செய்தாலும் கொஞ்சம் அதிகமாகச் செய்தேன் என்பதை மட்டும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு காலையில் கருப்பி கயிற்றை அறுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போய்விட்டது. திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி, வளைவில் அதைப் பார்த்து நின்றது. கருப்பி நகரவில்லை. லோரியைச் சுற்றி வந்து, பின்பக்கம் எட்டிய கோஸைத் தின்ன ஆரம்பித்தது. பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. லோரிக்காரர் நேராக மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அத்தைக்குக் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அத்தை அதைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தார்.

"மருமவனே, கவர்மெண்டுலேர்ந்து லெட்டர் வந்திருக்கு. என்னான்னு பாருலா. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல."

மலாய்க் கடிதம். எனக்கு மலாய் தெரியும், அதாவது மண்வெட்டி கொடுக்கும் அளவுக்கு. 'நேரில் வரவும்', 'விளக்கம்', 'கால்நடை', 'சட்டம்' என்ற நான்கு சொற்கள் புரிந்தன. மீதியை என் கற்பனை நிரப்பியது. நான் முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

"அத்தே, இது விசாரணை. உங்க மேல நடவடிக்கை எடுக்கப் போறாங்க."

பாக்கியம் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்தாள். "அத்தான், இதுல லெசென்னு ரெண்டு எடத்துல போட்டிருக்கு. லைசென்ஸ் எடுத்துக்க வரச் சொல்றாங்க போலருக்கே."

"பாக்கியம், இது சட்ட பாஷை. மேலோட்டமா படிச்சா அப்படித்தான் தெரியும். உள்ளுக்குள்ள வேற இருக்கும்."

"அப்படியா?" என்றாள். அந்த 'அப்படியா'வை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று நாள் தயார் செய்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கோட்டு இரவல் வாங்கினேன். அவர் பெரிய உடம்புக்காரர். கோட்டுக்குள் நான் இருப்பது சில கோணங்களில் மட்டும் தெரிந்தது. செங்கல் புத்தகத்தில் பதினேழு இடத்தில் காகிதத் துண்டு சொருகிக்கொண்டு, அத்தையையும் பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன்.

அதிகாரி என்சே ரம்லி என்ற மலாய்க்காரர், நடுத்தர வயது. (என்சே என்றால் ஐயா.) நாங்கள் நுழைந்ததும் எழுந்து அத்தைக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். பசியாறிவிட்டீர்களா என்று கேட்டார். மேசையில் ஒரு பாரம், பக்கத்தில் ரப்பர் முத்திரை, மைப்பெட்டி. சுவரில் மாவட்ட வரைபடம். ஒரு மனிதன் யாரையாவது தண்டிக்கப் போகிறான் என்பதற்கு அந்த அறையில் எந்த அடையாளமும் இல்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கோ பதினேழு காகிதத் துண்டுகள்தான் தெரிந்தன.

அவர், "அம்மா, உங்கள் மாடுகளைப் பற்றி..." என்று தொடங்கினார். நான் எழுந்து நின்றேன்.

மலாயும் இங்கிலீஷும் கலந்து நான் பேசியதைத் தமிழில் தருகிறேன். (தமிழில் கொஞ்சம் மரியாதையாகத் தெரியும்.)

"என்சே, இந்த விசாரணைக்கு நான் ஆட்சேபம் தெரிவிக்கிறேன். குற்றச்சாட்டு என்னவென்று எழுத்தில் சொல்லாமல் ஒருவரை விசாரிப்பது இயற்கை நீதிக்கு விரோதம்."

"குற்றச்சாட்டா? உட்காருங்கள் தம்பி."

"நிற்பது என் உரிமை."

அவர் தலையை ஆட்டினார். நான் இருபது நிமிடம் பேசினேன். அரசாங்கத்தின் அதிகாரம் சட்டத்திலிருந்து மட்டுமே வர வேண்டும் என்றேன். குடிமகன் அடிமை இல்லை என்றேன். ஒரு கட்டத்தில் கையை வீசிப் பேசியதில் கோட்டின் கை நீண்டு போய் மைப்பெட்டியில் தோய்ந்தது. பியூன் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்று கேட்டான். அத்தை எனக்காகப் பெருமையோடு உட்கார்ந்திருந்தார். பாக்கியம் மேசையில் இருந்த பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "மாட்டுக் கொட்டகை இருப்பது தனியார் தோட்டத்து நிலத்தில். உங்கள் விதிகள் பொது இடங்களுக்குத்தான். ஆகவே இந்த மாடுகள் உங்கள் அதிகார வரம்புக்கு வெளியே இருக்கின்றன."

என்சே ரம்லி எழுந்து வரைபடத்துக்குப் போனார். ஓடையை விரலால் தொட்டுப் பார்த்தார். சாமான்யத்தில் எந்த அதிகாரியும் செய்யாத காரியம் அது, ஒரு கிராணி சொன்னதற்காக எழுந்து போய்ச் சரிபார்ப்பது.

"நீங்கள் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம்" என்றார். "கொட்டகை தோட்டத்து எல்லைக்குள் வருகிறது. அப்படியென்றால் இந்த மாடுகள் விஷயத்தில் எங்களுக்கு அதிகாரம் இல்லை என்கிறீர்கள்?"

"இல்லை."

"எதற்குமே?"

"எதற்குமே."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக!"

அவர் ஒரு தாளில் அதையே நான்கு வரியாக எழுதினார். பிறகு மேசையில் இருந்த பாரத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். வைக்கும்போதுதான் அதன் தலைப்பைப் படித்தேன். கால்நடை வளர்ப்பு லைசென்ஸ். அத்தையின் பேர் தட்டச்சில் அடித்திருந்தது. 'மாடுகள்: 3' என்றும் அடித்திருந்தது. கையெழுத்தும் முத்திரையும்தான் பாக்கி.

அந்த இடத்தில்தான் நான் செய்த தப்பு இருக்கிறது. அதுவரை நடந்தது முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்கு மன்னிப்பு உண்டு. 'என்சே, மன்னிக்கணும், நான் கடிதத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டேன்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இழுப்பறை மறுபடி திறந்திருக்கும். அவரும் என்னைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். எனக்காகக் காத்திருந்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னதுதான் சரி என்று அவள் முன்னால் ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. பேனாவை வாங்கி, அந்த நான்கு வரித் தாளில் பிரதிநிதி என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மை தோய்ந்த கோட்டுக் கை தாளில் ஒரு நீலக் கோடும் இழுத்தது.

வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்தார். "என்னா மருமவனே சொன்னாங்க?"

"ஜெயிச்சுட்டோம் அத்தே. நம்ம மாட்டு மேல அவங்களுக்கு அதிகாரமே இல்லைன்னு ஒத்துக்கிட்டாங்க."

அத்தை நடுத்தெருவில் என் முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். கடைக்குக் கூட்டிப்போய்த் தோசை வாங்கிக் கொடுத்தார், மாமாவுக்கும் ஒன்று கட்டிக்கொண்டார். நான் பாதித் தோசையைத் தட்டிலேயே விட்டேன். பாக்கியம் என் கோட்டுக் கையின் மைக்கறையைப் பார்த்தபடி சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் கங்காணி லயத்துக்கு வந்தார். துரை கூப்பிடுகிறார் என்றார்.

அப்போதெல்லாம் தோட்டத்து மேனேஜர் வெள்ளைக்காரர் இல்லை. தமிழ்க் கிறிஸ்தவர், எங்களைப் போல ஒரு லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர். ஆனாலும் அந்த பங்களாவில் உட்கார்ந்துவிட்டால் பேர் துரைதான். அத்தையோடு நானும் போனேன். கோட்டு இல்லாமல்.

துரை ஒரு கடிதத்தை நீட்டினார். மாவட்ட அலுவலகம் எழுதியது. 'உங்கள் நிலத்தில் மூன்று மாடுகள் இருப்பது எங்கள் கவனத்துக்கு வந்தது. அவற்றின் மீது எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று உரிமையாளரின் பிரதிநிதி வாதிட்டதை ஏற்றுக்கொள்கிறோம். இனி அவை உங்கள் பொறுப்பு.'

"இது யாரு பேசுனது?" என்றார்.

"நான்தான் சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நான் இந்தத் தோட்டத்துக்கு வந்து எட்டு வருசம். லயத்துல மாடு வளக்கக்கூடாதுன்னு கம்பெனி ரூல் இருக்கு. தெனமும் காலைல அந்த ஓடைப் பக்கம்தான் ஜீப்புல போறேன். அந்தச் செவலை வழிய மறிச்சிக்கிட்டு நிக்கும். ஹார்ன் அடிப்பேன். போகாது. எறங்கி நானே ஓட்டிவிடுவேன். ஆனா எட்டு வருசத்துல நான் அத ஒரு நாளும் பாத்ததில்ல. புரியுதா?"

எனக்குப் புரிந்தது.

"இப்ப கவர்மெண்டு எழுத்துல குடுத்திருக்கு, உன் நெலத்துல மாடு இருக்குன்னு. தலைமை ஆபீஸுக்கும் ஒரு காப்பி போயிருச்சு. இனிமே நான் பாத்துத்தான் ஆவணும்." அத்தையைப் பார்த்து அவர் குரலைத் தணித்தார். "பேச்சியம்மா, ஒரு மாசம் டைம் தரேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அன்றைக்கே தனியாக மாவட்ட அலுவலகத்துக்கு ஓடினேன். இந்தத் தடவை உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தேன். அந்த லைசென்ஸைக் கொடுத்துவிடுங்கள், துரை அதை வைத்து மேலே பேசிப் பார்ப்பார் என்று கெஞ்சினேன்.

என்சே ரம்லி வருத்தத்தோடுதான் சொன்னார். "லைசென்ஸ் கையில் இருந்திருந்தால் தோட்டத்துக்காரர்களும் பேசாமல் இருந்திருப்பார்கள். அதற்காகத்தான் தயார் செய்து வைத்தேன். இப்போது நான் எப்படிக் கொடுக்க முடியும்? எனக்கு அதிகாரம் இல்லையே."

"மேல்முறையீடு செய்யலாமா?"

"செய்யலாம். ஆனால் உங்களை எதிர்த்து நீங்களே மேல்முறையீடு செய்ய வேண்டியிருக்கும்." கையெழுத்தும் நீலக் கோடும் உள்ள தாளைக் காட்டினார்.

மாதக் கடைசியில் லோரி வந்தது. மலையடிவாரத்துத் தாப்பாவில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு பால்காரர் மூன்று மாட்டையும் எடுத்துக்கொண்டார். கருப்பியும் மல்லிகாவும் பலகையில் ஏறிவிட்டன. செவலை ஏறவில்லை. நான்கு பேர் இழுத்தும் அசையவில்லை. என்னால் வந்த வினை, நானே உதவுவோம் என்று பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அது வாலைத் தூக்கி, தலையிலிருந்து கால் வரைக்கும் என் மேல் சாணம் போட்டது.

லயமே சிரித்தது. அத்தையும் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, கண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். "கீழ ஒரே வெயிலு மருமவனே. இதுங்களுக்குக் குளிர்தானே பழக்கம்" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மாமா கொட்டகையில் மடித்து வைத்திருந்த சாக்குத் துணிகளைக் கொண்டுவந்து, கீழே தேவைப்படாது என்று தெரிந்தும், லோரியில் போட்டார்.

இதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. அரசாங்க ஆபீஸில் நின்று இங்கிலீஷில் சட்டம் பேசியவன் என்று தோட்டம் முழுக்க என் பேர் பரவிவிட்டது. அத்தைதான் பரப்பினார். மாட்டைப் பிடுங்கியது கவர்மெண்டு, அதை எதிர்த்துப் பேசியது என் மருமகன் என்று எல்லாரிடமும் சொன்னார். நாய் லைசென்ஸ், ரேடியோ லைசென்ஸ், அடையாளக் கார்டு என்று ஜனங்கள் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தோட்டத்துப் பக்கம் போவதை நிறுத்தினேன். பரீட்சையில் அந்தத் தாளில் தோற்றேன். ஐந்தாவது அத்தியாயத்திலிருந்துதான் இரண்டு பெரிய கேள்விகள் வந்திருந்தன.

இரண்டு வருடம் கழித்து எனக்கும் பாக்கியத்துக்கும் கல்யாணம் பேசினார்கள். அந்த இழுப்பறை விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு அத்தைக்கு மாப்பிள்ளையாக எனக்குத் துணிச்சல் வரவில்லை. டிஸ்பென்சரி வாசலில் பாக்கியத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பாரத்தைப் பார்த்தேன், புரிந்தது, வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன்.

அவள் மருந்துப் புட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "நான் பக்கத்துலதானே அத்தான் ஒக்காந்திருந்தேன்? எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"அப்ப ஏன் அங்கேயே சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்." புட்டியை அலமாரியில் வைத்துவிட்டு அவளே சொன்னாள். "நானும் தப்புதான் பண்ணேன். ஆபீசரைப் பாத்து பயமா இருந்திச்சு. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன்."

"அத்தைக்குத் தெரியுமா?"

"அன்னிக்கு ராத்திரியே தெரியும். 'அவன் நம்ம வீட்டுப் புள்ள, நாலு பேரு முன்னாடி தலைகுனிய வேணாம், வெளிய சொல்லாத'ன்னாங்க. அதுக்கப்புறந்தான் எல்லார்கிட்டயும் கவர்மெண்டைத் திட்ட ஆரம்பிச்சாங்க."

நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தை அத்தை துடைத்துவிட்டபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அத்தை போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அவரிடம் நேராக மன்னிப்புக் கேட்க நான் நான்கைந்து தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் "சாப்ட்டியா மருமவனே?" என்று ஆரம்பித்து, என்னைப் பேசவிடாமலே பார்த்துக்கொண்டார்.

பாக்கியம் அப்படி இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னாள், மருமகளுக்குச் சொன்னாள், ஒருமுறை எங்கள் குழாய் ரிப்பேர்காரருக்கும் சொன்னாள். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு எந்த அரசாங்கக் கடிதம் வந்தாலும், "அப்பா கண்ணுல காட்டாதீங்க, ஜெயிச்சிடுவாரு" என்பார்கள்.

போன வருடம் ஈப்போவில் என் மகன் சமையலறையை இழுத்துக் கட்டினான். அனுமதி வாங்கவில்லை என்று நோட்டீஸ் வந்துவிட்டது. நான் அன்றைக்கு அவன் வீட்டில்தான் இருந்தேன். துணைக்கு வருகிறேன் என்று எழுந்தேன். மகனும் மருமகளும் பாக்கியமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி வாங்க என்று கூட்டிப் போனார்கள். அலுவலக வாசலில், நிழலான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, மூன்று பேரும் இறங்கி உள்ளே போனார்கள். எனக்கு மூச்சு முட்டாமல் இருக்க, கார்க் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் போனார்கள்.